மன்றமும் பேயும்

பேய் இல்லாத ஊரைக் காண்பது நம் நாட்டில் அரிது. ஊருக்கு ஒரு புளியமரம், தெருவுக்கு ஒரு பூட்டிய வீடு, ஆற்றுக்கு ஒரு பாழடைந்த படித்துறை என்று பேய்களுக்கு நாம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். மனிதர்க்கே வாடகைக்கு வீடு கிடைக்காத சென்னை நகரில்கூடப் பேய்க்கு இடம் கிடைத்துவிடுகிறது! இது நகைப்புக்குரிய செய்திதான். எனினும் நகைத்துவிட்டு அப்பால் செல்லும் முன், வரலாறு கற்கும் மாணவர் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்த இடங்களைப் பேய்க்கு ஒதுக்கிக் கொடுத்தவர் யார்? எப்பொழுது கொடுத்தார்கள்?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். பேய்க் கதை சொல்லும் மாணவனை நான் கடிந்துகொண்டதில்லை. கல்வெட்டைப் போலவும் செப்பேட்டைப் போலவும் பேய்க் கதையும் ஒரு சான்று என்றே கொண்டேன். அது செத்தவரைப் பற்றிய சான்று அன்று. இருப்பவரைப் பற்றிய சான்று. அதை எவ்வாறு படிப்பது என்பதைச் சென்னையின் பழைய பொது மண்டபம் ஒன்றை முன்வைத்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சென்னை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து, மாநகராட்சியின் வெண்ணிற ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில், செந்நிறக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. அதன் ஒரு புறத்தில் சதுரக் கோபுரம் ஒன்று எழுந்து, கேரளத்துக் கோயில்களை நினைவூட்டும் கூரையைத் தலையில் தாங்கியிருக்கிறது. விக்டோரியா பொது மண்டபம் என்பது அதன் பெயர். பழைய சென்னைவாசிகள் அதனை டவுன் ஹால் என்றார்கள். அம் மண்டபம் பூட்டிக் கிடந்த காலத்தில், என் மாணவர் சிலர் அவ் வழியே சென்று வந்து, "ஐயா, அங்கே பேய் உண்டாமே?" என்று கேட்டதுண்டு. எந்தப் பேய், யார் கண்டது, என்றைக்குக் கண்டது என்று திருப்பிக் கேட்டால் அவர்களால் ஒன்றும் சொல்ல இயலாது. பெயரில்லை, கதையில்லை, கண்டவரும் இல்லை. பெரிய கதவு, பெரிய பூட்டு, உள்ளே இருள். பேய் பிறப்பதற்கு இம் மூன்றும் போதுமாயிருந்தன.

பேய் குடியிருப்பதாகப் பேசப்படும் வேறு இரண்டு இடங்களையும் பார்ப்போம். இரண்டும் நகரின் தென் பகுதியில் உள்ளவை. முதலாவது, ஆழ்வார்ப்பேட்டையிலுள்ள டிமான்ட்டி காலனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பெரும் பொருள் ஈட்டிய டிமான்ட்டி என்னும் போர்ச்சுகீசிய வணிகரின் பெயரைத் தாங்கிய இடம் அது. தம் சொத்தைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதிவைத்துவிட்டு 1821-இல் அவர் காலமானார். பிற்காலத்தில் அங்கே எழுந்த வீடுகளில் மக்கள் குடியிருந்தார்கள். பின்னர் அவை காலியாயின, கூரைகள் சரிந்தன, முற்றங்களில் புதர் மண்டியது. இரவில் டிமான்ட்டி துரை உலவுகிறார் என்ற பேச்சு பெருகியது. 2015-இல் அப் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்து, பேச்சை ஊரெங்கும் பரப்பியது. அந்த வணிகர் இறந்து இரு நூற்றாண்டுகள் ஆகப்போகும் சமயத்தில் அவருடைய ஆவிக்கு இத்தனை சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது? வீடுகள் காலியானதிலிருந்து வந்தது.

இரண்டாவது, அடையாற்றின் முகத்துவாரத்திலுள்ள உடைந்த பாலம். பட்டினப்பாக்கம் பக்கத்து மீனவர் ஆற்றைக் கடந்து பெசன்ட் நகர்ப் பக்கம் செல்வதற்காக 1967-இல் கட்டப்பட்டது; பத்தே ஆண்டுகளில், 1977-இல், ஒரு பகுதி இடிந்து ஆற்றில் விழுந்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. மக்கள் நடந்துகொண்டிருந்த வரையில் அது பாலம். நடை நின்ற பின் அது பேய் உலவும் இடமாயிற்று. இரவில் அங்கே அழுகுரல் கேட்கும் என்பார்கள். கடற்காற்று வீசும் முகத்துவாரத்தில், உடைந்த தூண்களுக்கிடையே காற்று எழுப்பும் ஒலியை நாம் கேட்டதில்லையா?

இவற்றோடு ஒப்பிட்டு நோக்க இன்னொன்று சொல்வேன். மயிலாப்பூரின் மாட வீதிகளில் பழைய வீடுகளுக்குக் குறைவில்லை. லஸ் பகுதியில் ரானடே நூலகமும், அதன் மாடியில் சீனிவாச சாஸ்திரி மண்டபமும் உள்ளன. கபாலீசுவரர் கோயிலுக்கு அருகே ரசிக ரஞ்சனி சபை 1929 முதல் இயங்கி வருகிறது. இவையும் பழைய கட்டிடங்களே. இவற்றில் பேசியவரும் பாடியவரும் பலர் மறைந்துபோனவர்களே. ஆயினும் இவற்றில் பேய் உலவுவதாக நான் ஒருநாளும் கேட்டதில்லை. கச்சேரிக்கும் சொற்பொழிவுக்கும் நாள்தோறும் ஆட்கள் வந்து செல்லும் இடத்தில் பேய்க்கு நாற்காலி கிடைக்காது போலும். ஆகவே பழமை பேயைத் தருவதில்லை, வெறுமையே தருகிறது.

இது நான் புதிதாகக் கண்ட உண்மை அன்று. நம் முன்னோர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை அறிந்திருந்தனர். பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் கரிகாலனுடைய பகைவரின் ஊர்கள் பாழ்பட்ட நிலையைப் புலவர் விரித்துரைக்கிறார். பெருவிழாக்கள் நடந்து ஓய்ந்துபோன மன்றத்தை அவர் காட்டுகிறார். அங்கே நெருஞ்சி படர்ந்திருக்கிறது, நரி ஊளையிடுகிறது, கூகை குழறுகிறது, பேய்மகளிர் திரிகின்றனர். இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்கவேண்டும். மன்றம் என்பது ஊரார் கூடும் பொது இடம். விழா நடந்தவரையில் அங்கே பேய் வரவில்லை. விழா நின்றது, ஊரார் போயினர், பிறகே கூகையும் பேயும் வந்தன. போரினால் பாழான மன்றத்தைப் புலவர் பாடினார். போரே இல்லாமல், மறதியினால் மட்டும் ஒரு மன்றம் பாழாகக்கூடும் என்பதற்கு நம் விக்டோரியா மண்டபமே சான்று.

அம் மண்டபம் பிறந்த கதையைக் கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை பெரிய நகரமாக வளர்ந்திருந்தது. ஆனால் நகர மக்கள் ஒன்றுகூடிப் பேசவும் கேட்கவும் தமக்கென ஒரு நகர மண்டபம் அவர்களுக்கு இல்லை. 1882 மார்ச் மாதத்தில் நகரப் பிரமுகர்கள் பச்சையப்பர் மண்டபத்தில் கூடி, அத்தகைய மண்டபம் ஒன்றைக் கட்டுவதென்று முடிவு செய்தனர். அரசாங்கம் கட்டித் தரட்டும் என்று காத்திராமல் குழு ஒன்றை அமைத்து நன்கொடை திரட்டினர். மன்னர்களும் ஜமீன்தார்களும் வணிகர்களும் பொருள் வழங்கினர். 1883 டிசம்பர் 17-ஆம் நாள் விஜயநகரம் மன்னர் ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். இவ் விஜயநகரம் ஆந்திரக் கரையோரத்து ஜமீன். துங்கபத்திரைக் கரையிலிருந்த பழைய பேரரசு அன்று என்பதை மாணவர் நினைவிற்கொள்க.

மண்டபத்துக்கு வேண்டிய நிலத்தை நகராட்சி அளித்தது. கவர்னர் டிரெவிலியன் காலத்தில் உருவான மக்கள் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு, அதாவது சுமார் மூன்றேகால் ஏக்கர், பிரித்துத் தரப்பட்டது. குத்தகை 99 ஆண்டுகளுக்கு. 1886 ஏப்ரல் முதல் கணக்கு. வாடகை, கிரவுண்டு ஒன்றுக்கு ஆண்டுக்கு எட்டணா. கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஆண்டுக்கு இருபத்தெட்டரை ரூபாய்! அந்நாளில் ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்பது உண்மையே. ஆயினும் நகரின் நடுவே மூன்று ஏக்கருக்கு இது பெயரளவுக்கு வாங்கிய வாடகைதான். பொதுமக்களுக்கான இடம் என்ற கருத்திலேயே நிலம் இவ்வளவு மலிவாகத் தரப்பட்டது.

கட்டிடத்துக்குத் திட்டம் வரைந்தவர் இராபர்ட் சிசோம். கடற்கரைச் சாலையில் நாம் இன்றும் காணும் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபமும் அவருடைய கற்பனையில் உருவானதே. கட்டி முடித்தவர் ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். உயர்நீதிமன்றம், எழும்பூர் அருங்காட்சியக அரங்கு முதலிய சென்னையின் செங்கல் மாளிகைகள் பலவும் அவர் கைவேலை. கணிதமேதை இராமானுஜன் தம் இறுதி நாட்களைச் சேத்துப்பட்டில் கழித்ததும் இச் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில்தான். இவ்வாறு, வரைந்தவர் ஆங்கிலேயர், கட்டியவர் தமிழகத்தில் வாழ்ந்த தெலுங்கு வணிகர், கல் நாட்டியவர் ஆந்திர மன்னர், கூரை மலையாளப் பாணி. விக்டோரியா அரசியின் ஐம்பதாவது ஆட்சி ஆண்டு விழா 1887-இல் நடந்ததை ஒட்டி, மறு ஆண்டு மண்டபத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மட்டுமே அரசியுடையது. பணமும் பயனும் ஊராருடையவை.

மண்டபத்தில் கீழே ஓர் அரங்கு, மேலே ஓர் அரங்கு. ஒவ்வொன்றிலும் சுமார் அறுநூறு பேர் அமரலாம். மேல் அரங்கில் மரத்தாலான மாடமும் உண்டு. மின்சார விளக்கும் ஒலிபெருக்கியும் நகருக்கு வராத காலம் அது என்பதை நினைவில் வையுங்கள். அறுநூறு பேருக்கும் கேட்கும்படி ஒருவர் தம் சொந்தக் குரலில் பேசவேண்டும். எண்ணெய் விளக்கின் ஒளியில் நடிக்கவேண்டும்.

1891-ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் என்பவரின் நாடகக் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. அவற்றைப் பார்த்தவர்களில் ஒருவர் மாநிலக் கல்லூரி மாணவர், வயது பதினெட்டு. கூத்தாடி என்று நடிகரை இகழ்ந்த காலம் அது. படித்தவரும் நல்ல குடும்பத்தவரும் மேடையேறி நடிப்பதைத் தெலுங்கு மேடையில் கண்ட அம் மாணவரின் உள்ளத்தில் புது எண்ணம் எழுந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கி, தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதி, தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்பெற்று, 1964-இல் மறைந்தார்.

அவருடைய புஷ்பவல்லி 1893-இல் மேடையேறியது. தொடர்ந்து மனோகரா, லீலாவதி சுலோசனா, சபாபதி என்று நாடகங்கள் வரிசையாக வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1936 வரையில் சுகுண விலாச சபைக்கு விக்டோரியா மண்டபமே வீடு. பகலில் நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர் இரவில் இங்கே அரசவேடம் பூண்டார். ரங்கவடிவேலு என்பவர் நாயகி வேடம் பூண்டு பெரும் புகழ் பெற்றார். நாட்டு விடுதலைக்குச் சிறை சென்ற தீரர் சத்தியமூர்த்தியும் இச் சபையின் நடிகர்களில் ஒருவர். இரவு முழுதும் பாட்டாகவே நடந்த கூத்துக்கு மாறாக, உரைநடையில் பேசி நடிக்கும் தமிழ் நாடகம் வேரூன்றிய மேடைகளில் இது தலையாயது.

நாடகம் மட்டுமா? சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிச் சென்னைக்கு வந்தது 1897 பிப்ரவரியில். அவருக்கு வரவேற்பிதழ் அளிக்க இம் மண்டபத்திலேயே ஏற்பாடாயிற்று. உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே திரண்டு நின்று ஆரவாரித்தனர். அவர்களை ஏமாற்ற மனமின்றிச் சுவாமிகள் வெளியே வந்து, வண்டியொன்றின் மீது நின்று பேசினார். சில நாட்களுக்குப் பின் இதே மண்டபத்தில் தம் செயல்திட்டத்தைப் பற்றி விரிவாகச் சொற்பொழிவாற்றினார். அதே 1897-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையின் முதல் சலனப்படக் காட்சிகளும் இங்கே நடைபெற்றன. 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருப்பெற்ற வரலாற்றோடும் இம் மண்டபத்தின் பெயர் பிணைந்துள்ளது. அவ் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான சர் பிட்டி தியாகராயர் பெயரைத்தான் நம் தியாகராய நகர் தாங்கி நிற்கிறது. துறவியும் நடிகரும் அரசியல் தலைவரும் ஒரே மேடையில் மாறி மாறி நின்றனர். பொது மண்டபம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் உண்டோ?

பின்னர் காலம் மாறியது. 1936-இல் சுகுண விலாச சபை மவுண்ட் ரோட்டில் சொந்தக் கட்டிடத்துக்குச் சென்றது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபைகள் பெருகின. ரசிகர்கள் தம் வீட்டுக்கு அருகிலேயே கச்சேரி கேட்கலாயினர். சினிமாக் கொட்டகைகள் நாடகம் பார்த்தவர்களை இழுத்துக்கொண்டன. மண்டபத்தைச் சுற்றி இரைச்சலும் நெரிசலும் மிகுந்தன. குத்தகையின் 99 ஆண்டுகள் 1985 மார்ச் மாதத்தோடு முடிந்தன. அவ் ஆண்டு அப் பகுதிக்கே போதாத ஆண்டு போலும்! பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. மக்கள் பூங்காவில் நூறாண்டுகளுக்கு மேலிருந்த விலங்குக் காட்சிச்சாலைக்குப் பதிலாக வண்டலூரில் புதிய பூங்கா திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பழைய புத்தகம் வாங்க வந்தவர், யானை பார்க்க வந்த குழந்தை, நாடகம் பார்க்க வந்த குடும்பம் ஆகிய மூவருக்கும் அங்கே வேலையில்லாமல் போயிற்று. மண்டபம் சீர்கெட்டது, பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. அப்போதுதான் என் மாணவர்கள் பேய் உண்டா என்று கேட்டனர்.

அவர்களுக்கு நான் சொன்ன விடை இது: "பூட்டிய பெரிய மண்டபத்தில் விந்தையான ஓசைகள் கேட்பது உண்மைதான். காரணத்தைப் பௌதிக நூலில் தேடுங்கள்." பகலில் வெயிலில் விரிந்த மரமும் இரும்பும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது முறியும் ஒலி எழுப்பும். உடைந்த சாளரத்தின் வழியே காற்று ஊதும். வெண்முகக் கூகை பழைய கட்டிடங்களில் கூடு கொள்ளும், ஓசையில்லாமல் பறக்கும், திடீரென்று அலறும். இருளில் வெள்ளையாக ஏதோ மிதந்து சென்று கூக்குரலிட்டது என்றால், அது பெரும்பாலும் எலி பிடிக்க வந்த இப் பறவையே.

இன்னும் முக்கியமானது எதிரொலி. அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் புதிய சொற்பொழிவுக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே யார் பேசினாலும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. குறையைக் கண்டறியும் பொறுப்பு சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியருக்கு வந்தது. நகரம் உறங்கும் நள்ளிரவில், ஓர் ஆர்கன் குழலையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். வெறுங்கூடத்தில் ஒலி ஐந்து விநாடிக்கு மேலும் அடங்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. மெத்தைகள் கூடக் கூட அந்த நேரம் குறைந்தது. மனித உடலும் உடையும் மெத்தையைப் போலவே ஒலியை உண்டு அடக்கிவிடும் என்பதையும் அவர் கண்டார். இன்றைய அரங்கங்கள் எல்லாம் அவர் கண்ட கணக்கின்படியே கட்டப்படுகின்றன.

இதன் பொருள் என்ன? அறுநூறு பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் ஒரு சொல் சொன்னால் அது சொல்லாகவே கேட்கும். அதே மண்டபம் வெறிச்சோடிக் கிடந்தால், ஒரு காலடி ஓசை பல காலடிகளாகும். ஓர் இருமல், யாரோ மறுமொழி தருவது போலத் திரும்பிவரும். வெற்று மண்டபத்தில் நாம் கேட்கும் பேய்க்குரல் நம் குரலே. அங்கே இருக்கவேண்டிய மக்கள் இல்லாததால் அது அடங்காமல் அலைகிறது.

மேடை உலகத்தாருக்கும் பேய்க்கும் பழைய உறவு உண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைச் சம்பந்த முதலியார் அமலாதித்யன் என்று தமிழாக்கித் தந்தார். மூல நாடகத்தில், கொலையுண்ட அரசனின் ஆவி மகன் முன் தோன்றி நீதி கேட்கிறது. அவருடைய வேதாள உலகம் என்னும் நாடகம் 1948-இல் திரைப்படமாகவும் வந்தது. ஆகவே பேயும் வேதாளமும் சம்பந்த முதலியாரின் மேடைக்குப் புதியவை அல்ல. ஆனால் அவை ஒத்திகை பார்த்து, வேடம் பூண்டு, திரை உயர்ந்தபின் வந்து, கைதட்டல் பெற்று, திரை விழுந்தவுடன் வீட்டுக்குப் போகும் பேய்கள். மக்கள் நிறைந்த அரங்கில் பேயும் ஒரு பாத்திரமே.

மேல்நாட்டிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். இலண்டனில் டுரூரி லேன் நாடக அரங்கு 1663-இல் தோன்றியது. தீக்கும் இடிபாட்டுக்கும் தப்பிப் புதுப்பிக்கப்பட்டு, 1812-இல் கட்டிய கட்டிடத்தில் இன்றும் நடந்து வருகிறது. அங்கே சாம்பல் நிற உடையணிந்த மனிதர் ஒருவரின் ஆவி பகற்காட்சியின்போது மேல் வரிசையில் தோன்றும் என்பது நெடுநாளைய கதை. நடிகர்கள் அதற்கு அஞ்சுவதில்லை. அது தோன்றினால் நாடகம் வெற்றி பெறும் என்று மகிழ்வார்களாம்! இடையறாது நடந்துவரும் அரங்கில் பேயும் நல்ல சகுனமாகிவிட்டது. நாடகம் முடிந்து எல்லாரும் சென்றபின் மேடை நடுவே ஒற்றை விளக்கை எரியவிடும் வழக்கமும் மேல்நாட்டு அரங்குகளில் உண்டு. ஆவிகளுக்கான விளக்கு என்று அதனைக் கூறுவர். உண்மையில் அது, முதலில் உள்ளே வரும் ஊழியர் இருளில் மேடை விளிம்பிலிருந்து விழாமலிருக்க வைத்தது. நாளைக்கு ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையே அந்த விளக்கின் எண்ணெய்.

நம் மண்டபத்துக்கும் அத்தகைய காலம் திரும்பியது. 2023-இல் சென்னை மாநகராட்சி, முப்பத்திரண்டு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில், அதனைச் சீர்செய்யும் பணியைத் தொடங்கியது. கட்டியபோது ஊரார் நன்கொடை. சீர்செய்தபோது ஊரார் வரிப்பணம். இரண்டும் நம்முடையவையே. ஆனால் பொறியாளர் சுவரைத்தான் செப்பனிட முடியும். கூரையைத்தான் மாற்ற முடியும். எதிரொலியை அடக்கும் அறுநூறு பேரை எந்த ஒப்பந்தக்காரரும் கொண்டுவந்து தரமாட்டார்.

அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1915-இல் இளைஞர்களுக்கென்றே ஆர்மேனியன் தெருவில் கோகலே மண்டபத்தைக் கட்டினார். சுயாட்சிக் கிளர்ச்சியின் முழக்கம் எழுந்த இடம் அது. இளைஞர் கால்படாத காலத்தில் அதுவும் சிதைந்து நின்றது. ஒரு மண்டபத்தின் உயிர் எதில் இருக்கிறது என்பதற்கு இது இன்னொரு சான்று.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பழைய நகர மண்டபமோ, நூலகமோ, சத்திரமோ இருக்கும். அதில் பேய் உண்டு என்று யாரேனும் சொன்னால் அஞ்சவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். அக் கட்டிடம் கைவிடப்பட்டது என்று ஊரார் தமக்குத் தெரியாமலே எழுதிய மனு அது. அதனைக் கையில் எடுத்துக்கொண்டு பகற்பொழுதில் அங்கே செல்லுங்கள். வாயிலில் கல்வெட்டு இருந்தால் படித்து எழுதிக்கொள்ளுங்கள். யார் நிலம் கொடுத்தார், யார் பணம் கொடுத்தார், என்ன நிபந்தனை என்று நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே நாடகம் பார்த்த முதியவர் தெருவில் ஒருவராவது இருப்பார். அவர் பேச்சைக் குறித்துவையுங்கள். மண்டபம் திறந்திருக்குமாயின், உங்கள் கல்லூரியின் சொற்போட்டியை ஒருமுறை அங்கே நடத்துங்கள்.

முதற் பேச்சாளர் வாய் திறக்கும்போது அவர் குரல் சுவர்களில் மோதிச் சற்றே முழங்கும். அது பழைய மண்டபத்தின் இயல்பு. பின்வரிசைகளும் நிறைந்தபின் அவர் பேசுவது தெளிவாகக் கேட்கும்.